கொக்கி இல்லாத காரும் இரண்டு சைக்கிள்களும்

எங்கள் வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் பட்டியல் ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடி, என்னைப் பார்த்தா சிரித்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனது. பட்டியலில் இப்படி இடம் காலியாகிக்கொண்டே வருவதால் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: கொக்கி இல்லாத கார்.

அந்தக் காரில் இரண்டு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போக நான் பட்ட பாடுதான் இந்தப் பதிவு.

முதல் தொல்லை பெயரிலேயே தொடங்கியது. கடைக்குப் போய் "பைக் ரேக் இருக்கா?" என்றேன். "எந்த பைக்குக்கு மேடம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் வண்டிதான். சரி என்று "சைக்கிள் கேரியர்" என்றேன். கடைப் பையன் உள்ளே போய், சைக்கிளின் பின்னால் புத்தகப்பை செருகுவோமே, ஸ்பிரிங் வைத்த கம்பிப் பலகை, அதைக் கொண்டுவந்து வைத்தான். "இல்லப்பா, காருக்கு" என்றேன். "கார் கேரியரா? அது கார் கடையில கேளுங்க." கார் கடையிலோ கார் கேரியர் என்றால் டாக்சியின் தலையில் பெட்டி படுக்கை கட்டும் இரும்புச் சட்டம். காரின் பின்னால் சைக்கிளைத் தொங்கவிடும் சாமானுக்கு எங்கள் ஊரில் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தச் சாமானே இல்லை. கையை ஆட்டி, காற்றில் படம் வரைந்து, ஒருவழியாகப் புரியவைத்தேன். கடைக்காரர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சைக்கிளை ஓட்டினு போவாம, அத்த ஏம்மா கார்ல தூக்கினு போறீங்க?"

நியாயமான கேள்வி. என் கணவர் அதையே இன்னும் கூர்மையாகக் கேட்டார், அதை இங்கே எழுத முடியாது.

நானும் மகளும் சைக்கிள் ஓட்டத் தொடங்கியது ஊரடங்குக் காலத்தில். காட்பாடி காந்தி நகரில் வீடு, அதே பக்கத்தில் பள்ளிக்கூட வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் வேலூர், வெயிலூர் ஆகிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சலித்துவிட்டது. ஓட்ட ஆசைப்படும் சாலைகளெல்லாம் தள்ளி இருக்கின்றன. பாகாயம் தாண்டி அமிர்தி போகும் காட்டுப் பாதை, ஒடுகத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரம், எல்லாவற்றுக்கும் மேல் ஏலகிரி. ஏலகிரிக்குப் போக வேண்டுமென்றால் தேசிய நெடுஞ்சாலை 48இல் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போக வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் கண்டெய்னர் லாரிகள் பக்கத்தில், பதினான்கு வயதுப் பெண்ணைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு எண்பது கிலோமீட்டர் போகும் தைரியம் எனக்கு இல்லை. போய்ச் சேர்ந்தாலும் மலை ஏறத் தெம்பு இருக்காது. ஆகவே கார்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் முதல் வரியிலேயே, உங்கள் காரில் இழுவைக் கொக்கி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதில் மாட்டும் ரேக்கை வாங்குங்கள் என்கிறார்கள். அங்கே காருக்குப் பின்னால் படகையும் டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போகிற பழக்கம். அமெரிக்காவில் அடிச்சட்டத்தோடு பொருத்திய இரண்டு அங்குலச் சதுரக் குழாய், ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு. ரேக்கின் தண்டை அதில் செருகிப் பூட்டினால் வேலை முடிந்தது. நம் ஊரில் அப்படிக் கொக்கி உள்ளது டிராக்டருக்குத்தான். சில கார்களின் பின்னால் பளபளவென்று ஒரு குண்டு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் பின்னால் வருபவன் இடிக்காமல் இருக்கக் கட்டிய திருஷ்டிப் பொம்மை மாதிரி. இரண்டு போல்ட்டில் எதோடு பிடித்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தால் அதில் பூமாலை மாட்டக்கூடத் தயங்குவீர்கள். காரோடு தரும் திருகு வளையமும் உண்டு, பழுதானால் கயிறு கட்டி இழுக்க. அது இழுப்பதற்கு மட்டும்தான். சுமையைத் தாங்கி மேலும் கீழும் குதிக்கச் செய்ததல்ல.

கொக்கி இல்லை என்றான பிறகு மிச்சமிருப்பவை: காரின் தலைமேல், காரின் முதுகில், காரின் வயிற்றுக்குள். வெற்றிடத்தில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ண வகை ஒன்றும் இருக்கிறது. நன்றாகத்தான் பிடிக்கும் என்கிறார்கள். ஆனால் ஒட்டும் இடம் கண்ணாடி போலச் சுத்தமாக இருக்க வேண்டும். காலையில் துடைத்த காரில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம் என்கிற ஊரில் இருந்துகொண்டு அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. விலையும் இறக்குமதி விலை.

தலைமேல் ஏற்றுவதில் எனக்கு ஆரம்பத்தில் ஒரு மோகம் இருந்தது. காரணம் என் மாமாவின் அம்பாசிடர். கட்டில், பீரோ, சீர்வரிசைப் பாத்திரம் என்று அது தலையில் சுமக்காத பொருள் இல்லை. அம்பாசிடரின் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வழிந்தோட ஒரு தகரக் காடி இருக்கும். கேரியரின் கால்கள் அந்தக் காடியைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கார் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. இன்றைய கார்களின் கூரை வழவழவென்று இருக்கிறது, கவ்வ ஒன்றும் இல்லை. அதனால் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பில் இரும்பு நகத்தை மாட்டி இறுக்கும் குறுக்குக் கம்பிகள் வாங்க வேண்டும். அதன் மேல் சைக்கிளுக்குத் தனியாகத் தட்டு. சில கார்களில் கூரையின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் தண்டவாளம் மாதிரி இருக்கும். அதை நம்பிவிடக் கூடாது. பல மாடல்களில் அது வெறும் அழகுக்கு ஒட்டியது. எடை தாங்குமா, எத்தனை கிலோ என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அந்தக் கிலோவில் கம்பியின் எடையும் தட்டின் எடையும் சேர்த்தி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார் ஒன்றரை மீட்டர் உயரம், அதன் மேல் சைக்கிள் ஒரு மீட்டருக்கு மேல். மொத்தம் இரண்டரை மீட்டரைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டு போர்ட்டிகோவுக்குள் நுழையாது. ரயில் பாதைக்கு அடியில் போகும் குட்டிச் சுரங்கப்பாதைகள், கடைகளின் கீழ்த்தள பார்க்கிங் எல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். மறக்காமல் இருக்க வேண்டியது தலைமேல் சைக்கிள் இருப்பதை. அசதியோடு வீடு திரும்பும் ஒரு நாள் நான் அதை மறப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அப்புறம், என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். மகளின் மலைச் சைக்கிள் 16 கிலோ. அதைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டுவதற்கு நான் என்ன ஐயனாரா? மோகம் அங்கே தீர்ந்தது.

வயிற்றுக்குள் ஏற்றுவது கேவலமான வழி என்று நினைக்காதீர்கள். ஒரு சைக்கிள்தான் என்றால் இன்றும் எனக்கு அதுதான் முதல் தேர்வு. பின் சீட்டை மடக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, சைக்கிள் சீட்டை முழுக்க இறக்கி, செயின் இருக்கும் பக்கம் மேலே வருமாறு படுக்கவைத்தால் சின்னக் காரிலும் அடங்கிவிடும். அடியில் விரிக்க ஒரு பழைய குடியாத்தம் லுங்கி போதும். டிஸ்க் பிரேக் என்றால் மட்டும் ஒரு எச்சரிக்கை. சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியைத் தெரியாமல் அழுத்திவிட்டால் பிரேக் கட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, பிறகு தட்டு உள்ளே நுழையாது. நடுவில் மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்துவிட வேண்டும். வெயில், மழை, திருட்டு, போலீஸ் எந்தப் பயமும் இல்லை. ஆனால் இரண்டு சைக்கிள், இரண்டு ஆள் என்றால் உள்ளே போட்டு ஒன்றின் கியர் மற்றதன் கம்பிகளைக் குத்தாமல் கொண்டுபோவது என்னால் ஆகவில்லை.

ஆக, முதுகு. டிக்கிக் கதவின் மேல் சாய்ந்து நின்று, ஆறு பட்டைகளால் கட்டிக்கொள்ளும் ரேக். மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் ரப்பர் பூசிய கொக்கி. காரில் கொக்கி இல்லாததால் ரேக்கே ஆறு கொக்கியோடு வருகிறது. இணையத்தில் பார்த்ததிலேயே மலிவானதை, மூன்று சைக்கிள் தாங்கும் என்று போட்டிருந்ததை, 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் பொருந்தாது என்பது துணிக்கடை வாசலில் நின்ற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் வாங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு, ஏலகிரிக்கு என்று, முற்றத்து விளக்கில் ரேக்கை மாட்டினேன். மேல் கொக்கிகள் டிக்கிக் கதவின் மேல் விளிம்பில் அழகாக உட்கார்ந்தன. சைக்கிள்கள் ஏறின. ஆட்டிப் பார்த்தேன், கார்தான் ஆடியது, சைக்கிள் ஆடவில்லை. கிளம்பினோம். பாலாற்றுப் பாலம் தாண்டி நெடுஞ்சாலை ஏறி இருபது கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, பின்னாலிருந்து டக், டக் என்று சத்தம். மகள் திரும்பிப் பார்த்து, "அம்மா, என் சைக்கிள் நமக்கு டாட்டா காட்டுது" என்றாள்.

பள்ளிகொண்டா வருவதற்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். இரண்டு பட்டைகள் தொளதொளத்திருந்தன. ஹேண்டில்பார் திரும்பி, பிரேக் பிடி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெடல் கதவின் பெயின்ட்டில் பிறை வரைந்திருந்தது. எல்லாவற்றையும்விட மோசம், மேல் விளிம்பு. நான் கொக்கி மாட்டிய இடம் நடுவில் விரிசல் விட்டுப் பிளந்திருந்தது.

கையில் டீயோடு என் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். நாமக்கல் லாரி டிரைவர். நான் பட்டையை மறுபடி இழுத்து இறுக்குவதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியவில்லை போல. "இது பொட்டலம் கட்டற மாதிரி கட்டியிருக்கறீங்க. பொட்டலம் ஓடாதுங்க, வண்டி ஓடுமுங்க" என்றார். அவர் அன்று சொன்னதை அதற்குப் பிறகு எந்தக் காணொளியிலும் அவ்வளவு தெளிவாக நான் கேட்கவில்லை. "சரக்கு சும்மா இருக்காதுங்க. பிரேக் போட்டா முன்னால போகப் பார்க்கும். ஏத்தத்துல பின்னால. வளைவுல பக்கவாட்டுல. பள்ளத்துல மேல. நாலுக்கும் தனித்தனியாக் கட்டோணும். ஒரே பட்டை நாலையும் பார்த்துக்கும்னு நம்பக் கூடாதுங்க."

கிளீனரைக் கூப்பிட்டுக் கயிறு எடுத்துவரச் சொன்னார். நடுக் கயிற்றில் ஒரு சுருக்கு, நுனியைக் கீழே ஓரிடத்தில் சுற்றி மேலே கொண்டுவந்து அந்தச் சுருக்குக்குள் விட்டு, மறுபடி கீழே ஒரே இழுப்பு. கப்பியில் இழுத்த மாதிரி கயிறு விறைத்துக்கொண்டது. பெருவிரலால் பிடித்தபடி இரண்டு முடிச்சு. அவிழ்க்க நுனியை உருவினால் போதும். மூன்று முறை செய்துகாட்டினார். நான்காம் முறை நான் போட்டேன். "பத்துக் கிலோமீட்டர் போய் நிறுத்தி ஒருக்கா பாருங்க. எந்தக் கட்டும் மொதல்ல சும்மா நடிக்கும். ஓட்டத்துலதான் தன் இடத்துல போய் உட்காரும். அதுக்கப்புறம் இறுக்குறதுதான் கட்டு." கயிற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அன்று ஏலகிரி போகவில்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில், சர்வீஸ் ரோட்டிலேயே வீட்டுக்குத் திரும்பினோம்.

திங்கள்கிழமை சத்துவாச்சாரியில் எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், தொப்பியில கொக்கி மாட்னா தலை எப்டி தாங்கும்?" என்றார். நான் கதவின் விளிம்பு என்று நினைத்தது ஸ்பாய்லர் என்கிற பிளாஸ்டிக் தொப்பி. கதவின் மேல் நாலு திருகில் பிடித்திருப்பது. உண்மையான தகர விளிம்பு அதற்கு அடியில் மறைந்து கிடக்கிறது. கொக்கி மாட்டுவதென்றால் தகரத்தில் மாட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில், கண்ணாடி விளிம்பில், பம்பரில் மாட்டக் கூடாது. எது தகரம் என்று எப்படித் தெரியும் என்றேன். மேஜையில் ஸ்குரு சிந்தாமல் வைத்திருந்த ஒரு காந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ரேக் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது இதைத்தான்: கடையைப் பார்ப்பதற்கு முன்னால், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் காரின் முதுகைத் தடவிப் பாருங்கள். டிக்கிக் கதவைச் சுற்றி எங்கெல்லாம் காந்தம் ஒட்டுகிறது, அந்த இடங்களில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே கொக்கி நுழைய இடுக்கு இருக்கிறதா, மூடினால் நசுங்காமல் மூடுகிறதா? எனக்குப் பக்கவாட்டிலும் கீழேயும் தகரம் கிடைத்தது. மேலே கிடைக்கவில்லை. சில புதிய கார்களில் டிக்கிக் கதவே முழுக்கப் பிளாஸ்டிக் கலவையில் வருகிறது. அவர்கள் இந்த வகையையே விட்டுவிடலாம். ஸ்டெப்னி டயர் பின் கதவில் தொங்கும் பொலேரோ, தார் மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த டயரையே கட்டிப்பிடித்துக்கொள்ளும் ரேக் தனியாக உண்டு, ஸ்பாய்லர் கவலையே இல்லை. அப்படி வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் சைக்கிள் கிடையாது. உலகம் அப்படித்தான்.

அடுத்தது அகலம். இதை நான் யோசிக்கவே இல்லை. பெரியவர்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றேமுக்கால் மீட்டர் நீளம் வரும். என் காரின் அகலம் 1,600 மில்லிமீட்டர். அதாவது சக்கரங்கள் காருக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு போகும். நெடுஞ்சாலையில் உரசிப்போகும் ஆம்னி பஸ்ஸை நினைத்தால் வயிறு கலங்குகிறது. சட்டமும் இருக்கிறது: 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், சுமை அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். ரேக் விலையைப் பார்த்து அழுதவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். தீர்வு எளிது. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளத்தில் ஓரடிக்கு மேல் குறைந்துவிடும். சக்கரம் பின் சீட்டில் பயணம் செய்யும்.

நம்பர் பிளேட் இன்னொரு தலைவலி. என் முதல் ரேக் தாழ்வானது. சைக்கிள்கள் சரியாக நம்பர் பிளேட்டுக்கும் பிரேக் விளக்குக்கும் முன்னால் தொங்கின. பின்னால் வருபவனுக்கு நான் பிரேக் போடுவது தெரியாது. வெளிநாட்டில் ரேக்கின் பின்னால் இன்னொரு நம்பர் பலகையும் விளக்கும் மாட்டிக்கொள்வார்களாம். நம் ஊரில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், ஹாலோகிராம், கழற்ற முடியாத பூட்டு என்று இருக்கிறது. ஸ்டிக்கர் கடையில் ஒன்று அடித்து ரேக்கில் தொங்கவிடுவது அதற்கு ஈடாகாது. ஆகவே நம்பரும் விளக்கும் மறையாதபடி சைக்கிளை மேலே தூக்கிப் பிடிக்கும் ரேக் வேண்டும்.

இரண்டாவது ரேக்கை வாங்க நாலு மாதம் எடுத்துக்கொண்டேன். விலை முதலாவதைப்போல மூன்று மடங்கு. வளைந்த வில் மாதிரி உடம்பு, கைகள் கதவின் மேல்பாதி உயரத்தில் நிற்கும். பின் கண்ணாடியை மறைக்கிறது, உண்மைதான். இரண்டு பக்கக் கண்ணாடிகளை நம்பி ஓட்டப் பழகிக்கொண்டேன். ஸ்பாய்லர் பிரச்சினைக்கு வழி அதன் கூடவே வந்தது: மேல் பட்டைகளுக்குக் கொக்கிக்குப் பதிலாக நுனியில் ஒரு ரப்பர் உருளை. கதவைத் திறந்து, ஸ்பாய்லர் முடியும் மேல் மூலையில் உருளையை உள்ளே போட்டு, பட்டையை இடுக்கு வழியாக வெளியே விட்டுக் கதவை மூடினால் முடிந்தது. உருளை உள்ளே சிக்கிக்கொள்ளும், இழுத்தால் வராது. விளிம்பைக் கவ்வும் வேலையே இல்லை.

ஆனால் எனக்கென்று ஒரு விதி காத்திருந்தது. இந்த ரேக்குகள் எல்லாம் சைக்கிளை அதன் பாரில்தான் தொங்கவிடுகின்றன. சின்ன வயதில் அப்பா முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாரே, அந்த பார். மகளின் சைக்கிளில் அது இருக்கிறது. என்னுடையது புடவையோடும் ஓட்டலாம் என்று வாங்கியது, பார் கிடையாது. அதற்கு சீட் கம்பத்திலிருந்து ஹேண்டில் கம்பம் வரை மாட்டும் போலி பார் ஒன்று தனியாக விற்கிறார்கள். வாங்கி மாட்டினேன். மகள் அதைப் பார்த்து, "உன் சைக்கிளுக்குச் சவுரி வச்சிருக்க" என்றாள். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி பாரைப் பிடித்துத் தொங்கவிடும் ரேக் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அவ்வளவு விலைக்குச் சைக்கிள் வாங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குடியாத்தத்திலிருந்து அப்பா வந்திருந்தபோது புது ரேக்கை மாட்டிக் காட்டினேன். அவர் இளைஞராக இருந்தபோது லுங்கி மூட்டைகளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வேலூருக்கு மிதித்து வந்தவர். போக முப்பது, வர முப்பது கிலோமீட்டர். சைக்கிளைச் சுமக்கும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பழைய சைக்கிள் டியூப் ஒன்று கேட்டார். கத்தரிக்கோலால் நீளவாக்கில் நறுக்கி ஆறு பட்டைகளாக்கினார். "கயிறு இழுத்தாத்தான் புடிக்கும். டியூப்பு தானே புடிக்கும்." ஒன்றால் பிரேக் பிடியை அழுத்திக் கட்டினார், சக்கரம் சுழலவில்லை. ஒன்றால் ஹேண்டில்பாரை ஃபிரேமோடு கட்டினார், அது திரும்பவில்லை. இரண்டு சைக்கிளுக்கும் நடுவே லுங்கித் துண்டு ஒன்றைச் சுற்றினார், இரும்பும் இரும்பும் உரசவில்லை. கடையில் வாங்கிய சாமான் பாதி, இது பாதி.

மாட்டும் ஒழுங்கு இப்போது கைக்கு வந்துவிட்டது. முதலில் ஈரத் துணியால் கதவைத் துடைக்க வேண்டும். ரேக்கின் பஞ்சுக்கு அடியில் தூசி இருந்தால் ஏலகிரி போய்வருவதற்குள் அது உப்புத்தாளாக வேலை செய்துவிடும். பின் வைப்பர் மேல் ரேக்கின் கால் படக் கூடாது. கீழே தொங்கும் டயர் புகைக்குழாய்க்கு நேராக வரக் கூடாது, சூட்டில் ரப்பர் இளகிவிடும். பெடலைக் கழற்றிவிடுவது உத்தமம். 15ஆம் நம்பர் ஸ்பேனர். இடது பெடலுக்கு மறை தலைகீழ், வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நான் அரை மணி நேரம் அந்தப் பெடலை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பட்டையின் தொங்கும் நுனிகளை முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் காரைச் சாட்டையால் அடித்துக்கொண்டே வரும். வேலை முடிந்ததும் ரேக்கைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன். எங்கள் வெயில் நைலான் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ரேக்கை மாட்டிவிட்டால் டிக்கி திறக்காது. ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் டிக்கிக்குள். வழியில் பஞ்சர் ஆனால் சைக்கிள்களை இறக்கி, ரேக்கைக் கழற்றி, அப்புறம்தான் டயர். ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் எல்லாவற்றையும் இப்போது முன்கூட்டியே பின் சீட்டின் காலடிக்கு மாற்றிவிடுகிறேன். டயருக்கு வழியில்லை, முருகன் விட்ட வழி.

மறுபடி ஏலகிரி கிளம்பியது தை மாதத்தில். பத்தாவது கிலோமீட்டரில் நிறுத்தி இறுக்கினோம், ஆம்பூரில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். காலை ஏழு மணிக்குப் பிரியாணி வாசனையைத் தாண்டிப் போனதற்கு எங்களுக்கு யாராவது விருது தர வேண்டும். மலையடிவாரத்தில் காரை நிழலில் விட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். புலவர்களை எப்படியோ கடந்துவிட்டேன். பாரி வரும்போது, முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் பெயரைப் பார்த்து, இந்தச் சைக்கிளை யாராவது கேட்டால் இப்போதே கொடுத்துவிடலாம் என்று இருந்தது. மகள் மேல் வளைவிலிருந்து எட்டிப் பார்த்து விசில் அடித்தாள்.

இறங்கி வரும் வழியில் அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் கணவரின் அத்தை வீடு. எட்டிப் பார்க்காமல் போனால் பொங்கலுக்குப் பேச மாட்டார். அத்தை ரேக்கைப் பார்த்துவிட்டு, அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்வியைக் கேட்கவே இல்லை. ஒரு பை நிறைய முள்ளுக்கத்திரிக்காய் கொடுத்தார், அது சீட்டுக்குப் போயிற்று. பிறகு தோட்டத்திலிருந்து ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிக்கி திறக்காது அத்தை என்றேன். "டிக்கி இன்னாத்துக்கு? மூணாவது எடம் சும்மாதானே கீது, அதுல மாட்டு" என்றார். மூன்று சைக்கிளுக்கான ரேக்கில் மூன்றாவது கை காலியாகத்தான் இருந்தது. தார் பதினைந்து கிலோ இருக்கும், அதாவது ஒரு சைக்கிள். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

நாமக்கல்காரர் கொடுத்த கயிற்றில், சுருக்குப் போட்டு, நாலு பக்கமும் தனித்தனியாகக் கட்டினேன். விரிஞ்சிபுரம் பக்கம் வந்ததும் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தோம். தார் அசையவில்லை. அன்று அசதியில் பெடலைக் கழற்றாமல் விட்டிருந்தேன். மகளின் சைக்கிள் பெடல் மேல் சீப்பில் ஒரு காயைச் சீவி வைத்திருந்தது.

"பெயின்ட்டு தப்பிச்சுது" என்றாள்.